ஜமீலாவுக்கு நாத்தனாராக வந்தவளுக்கு

காலையிலிருந்து மூக்கை விட்டுப் போகாமல் ஒரு மஞ்சள் வாசனை. பூசிக் குளிக்கிற மஞ்சள் இல்லை. நூலில் தோய்த்து, சரியாகக் காயாமல் கழுத்தில் ஏறிவிட்ட மஞ்சள். திண்டிவனத்தில் லேடி டாக்டரைப் பார்க்கப் போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். மடியில் கல்லூரிப் பை. வெளிர் நிறச் சுடிதாரின் கழுத்தோரமெல்லாம் மஞ்சள் கறை. புதுத் தாலிக்கயிறு. நான் காலைப் பார்த்தேன், மெட்டி இல்லை. புதிதாகக் கல்யாணம் ஆனவள் கயிற்றைத் துப்பட்டாவுக்குள் தள்ளித்தான் வைத்துக்கொள்வாள். இவள் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வெளியே எடுத்து எடுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் விலாவில் இடித்து, "ஜமீலா வந்திருக்கா பாருடி" என்று சொல்லியிருப்பாய். நான் சிரித்திருப்பேன். நீ இல்லாததால் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. நடுவில் எழுந்து போய், ஏற்கெனவே துடைத்த அடுப்பை இன்னொரு முறை துடைத்துவிட்டு வந்தேன். உன்னிடம் சண்டை போட வேண்டும். அதற்கு நீ வழி வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

விழுப்புரத்தில் நாம் படித்தது எண்பதுகளின் நடுவில். விடுதியில் ஒரே அறை. நான் திருவாமாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், நீ கோட்டக்குப்பத்துக்காரி. உன் அப்பா, நீ அத்தா என்பாய், சவுதியில் இருந்தார். அவர் அனுப்பிய சென்ட்டை நம் அறை முழுக்கத் தெளித்து, என் தலையணையிலும் தெளித்து, "உங்க ஊர் மல்லாட்டை வாசனை போவட்டும்" என்பாய். அப்புறம் நான் கொண்டுவந்த வேர்க்கடலையை உரித்துத் தின்று தீர்ப்பவளும் நீதான்.

விடுதியின் குளியலறைக்குப் பின்னால் ஒரு சந்து இருந்ததே, நினைவிருக்கிறதா? அங்கே கட்டியிருந்த கொடியில்தான் அந்த நாட்களின் துணிகளைக் காயப்போடுவோம். வெயிலில் போடக்கூடாது, யார் கண்ணிலும் படக்கூடாது என்பதால் ஒவ்வொருத்தியும் தன் பாவாடையை மேலே போட்டு, அதற்கு அடியில் துணியை மறைத்துக் காயவைப்பாள். யார் பாவாடை என்பது எல்லோருக்கும் தெரியும். மறைத்து வைத்ததாக நாம் நினைத்துக்கொண்டோம், ஆனால் அந்தக் கொடியைப் பார்த்தே யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று விடுதி முழுக்கத் தெரிந்துபோகும்.

எனக்கு வரவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போனது, அடுத்த மாதமும் இல்லை. அடிவயிற்றில் ஒரு கனம். தாவணியைச் சுற்றினால் இடுப்பில் முன்போல் படியவில்லை. காலையில் பல் துலக்கும்போது குமட்டியது. என்னவென்று யாரைக் கேட்பது? அம்மாவைக் கேட்டால் அம்மா அப்பாவிடம் சொல்லுவாள். அப்பாவுக்கு நான் படிப்பதே பிடிக்காது. மாப்பிள்ளை ஒருவர் தயாராக இருந்தார். விடுதி மேட்ரன் ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் என் இடுப்பையே பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு பேச்சு கிளம்பினால் போதும், படிப்பு போகும், மானம் போகும், அப்பா என்னை என்ன செய்வார் என்பதை நினைக்கவே முடியவில்லை. நான் எந்த ஆண் பிள்ளையிடமும் நின்று பேசியதுகூடக் கிடையாது. அதை யார் நம்புவார்கள்?

அடுத்த வாரம் கொடியில் என் பச்சைப் பாவாடை தொங்கியது. நான் போடவில்லை. தூக்கிப் பார்த்தேன். அடியில் துவைத்துப் பிழிந்த துணிகள். உன் பழைய மெல்லிய தாவணியைக் கிழித்த துணிகள், எனக்குத் தெரியும். உன்னுடையதை என் பாவாடைக்கு அடியில் போட்டுவிட்டு, உன் இடத்தைக் காலியாக விட்டிருந்தாய். நான் கேட்பதற்குள் நீயே, "எனக்கு வரலன்னா எவளும் ஒண்ணும் சொல்ல மாட்டா. எனக்கு வாய் நீளம்" என்றாய். அதற்கப்புறம் என்னைச் சும்மா விடவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று நச்சரித்தாய். நான் மாட்டேன் என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னாய்: "ஒடம்பு உன்னுதுதானே? அப்புறம் ஏண்டி திருட்டுச் சாமான் மாதிரி ஒளிச்சி வச்சிக்கினு இருக்கே?"

விழுப்புரத்தில் போக முடியாது. மண்டிக்கு மல்லாட்டை போட வரும் எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது எந்நேரமும் தெருவில் இருப்பார்கள். அதனால் திண்டிவனம். அங்கே ஒரு லேடி டாக்டர் கைராசிக்காரர் என்று உனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் லேடி டாக்டர் வீட்டுப் படியேறுகிறவள் ஒன்று பிள்ளைத்தாய்ச்சி, இல்லாவிட்டால் பிள்ளை வேண்டுகிறவள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். அதனால் எனக்குக் கல்யாணம் செய்துவைக்க முடிவு செய்தாய்.

பஸ் ஸ்டாண்டு வளையல் கடையில் கறுப்பு மணி வாங்கி, நூலில் கோத்து, நடுவில் ஒரு கவரிங் உருண்டையும் போட்டு, உங்கள் வீட்டுப் பெண்கள் தாலி போலக் கட்டிக்கொள்ளும் கருகமணி செய்தாய். "தாலின்னா உனக்குக் கை நடுங்கும். இது உங்க சாமிக்குத் தெரியாது, பயப்படாதே" என்றாய். உன் அம்மாவின் வெள்ளைத் துப்பட்டியால் என்னைத் தலையோடு போர்த்தினாய். பெயர் ஜமீலா. நீ நாத்தனார். புருஷன் துபாயில். அந்த யோசனை வந்ததும் உனக்கு ஒரே பெருமை. "எங்க ஊர்ல பாதி வூட்டுல ஆம்பளை இல்ல. தனியா இன்னாத்துக்கு வந்தேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நீ வாயே தொறக்காதே. எல்லாம் நான் பேசிக்கிறேன்."

பாசஞ்சர் ரயிலில் போனோம். வழியெல்லாம் எனக்கு மாமியார் பெயர், கொழுந்தன் பெயர் எல்லாம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தாய். எனக்கு ஒன்றும் மனதில் நிற்கவில்லை. துப்பட்டிக்குள் வேர்த்து ஊற்றியது. வாசலில் உட்கார்ந்திருந்த ஆயா முதலில் கேட்டது என்ன உடம்புக்கு என்று இல்லை. "வூட்டுக்காரர் பேரு இன்னா?" நீ டக்கென்று ஒரு பெயரைச் சொன்னாய். அது உங்கள் தெரு மளிகைக் கடைக்காரரின் பெயர் என்று பிறகு சொல்லிச் சிரித்தாய்.

டாக்டரம்மா மேசையில் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டார். எத்தனை மாதமாக விலக்காகிக் குளிக்கவில்லை என்று கேட்டார், நீ சொன்னாய். குமட்டல் உண்டா என்றார், உண்டு என்றாய். புருஷன் எங்கே என்றார்.

"துபாய்ல டாக்டர்."

"கடைசியா எப்ப வந்துட்டுப் போனார்?"

உன் குரலில் அப்போதும் அந்தப் பெருமை. "அது ஆச்சி டாக்டர் ரெண்டு வருஷம். அடுத்த வருஷந்தான் லீவு குடுப்பாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். உனக்கு இன்னும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. "நாத்தனார் கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாய், எல்லாம் சரியாகப் போகிறது என்பதுபோல.

கதவு சாத்தியதும் அவர் என் பக்கத்தில் வந்து, மிகவும் மெல்லப் பேசினார். "ஜமீலா, பயப்படாதே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன் நாத்தனாருக்குத் தெரியுமா?" நான் விழித்தேன். "வயிறு நல்லாத் தெரியுது. இன்னும் தள்ளிப் போட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. வேணாம்னா இப்பவே சொல்லு."

அப்போதுதான் விளங்கியது. புருஷன் ஊரில் இல்லை, பெண்டாட்டிக்கு வயிறு. நாம் கஷ்டப்பட்டுக் கட்டிய பொய் என்னைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியிருந்தது, பார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அழுதால் ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம். அவர் என் தலையைத் தடவி, ஆயாவைக் கூப்பிட்டு ஏதோ எடுத்துவைக்கச் சொன்னார். நான், "அக்கா, அக்கா" என்று கத்தினேன். உன்னை நான் ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. நாத்தனாரை என்னவென்று கூப்பிடுவது என்று அந்த நேரத்தில் தெரியவில்லை.

நீ ஆயாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாய். என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாய். உனக்கு மூளை வேலை செய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. என் தலையிலிருந்து துப்பட்டியை இழுத்தாய், கருகமணியைப் பிடித்து ஒரே இழுப்பு. நூல் அறுந்து மணியெல்லாம் தரையில் ஓடியது.

"இவ ஜமீலா இல்ல டாக்டர். கல்யாணமே ஆவல. விழுப்புரம் காலேஜில படிக்கிறா. நான் நாத்தனாரும் இல்ல."

"பின்ன நீ யாரு?"

"சிநேகிதி."

டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். கோபமா, சந்தேகமா என்று தெரியவில்லை. "நிஜத்தைச் சொல்லு. எந்த ஆம்பளையோடயாவது…?" நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நீதான் குறுக்கே வந்தாய். "அவ இல்லன்னு சொல்றா இல்ல டாக்டர்? அப்ப இல்லதான். அதை வச்சிக்கினு பாருங்க."

அதை வைத்துக்கொண்டுதான் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எங்கே கனக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கிறது, வலி வந்து வந்து போகிறதா என்று வேறு கேள்விகள் கேட்டார். வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். கர்ப்பம் இல்லை, சூலகத்தில் கட்டி, பெரிதாக இருக்கிறது, உள்ளே முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, உடனே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். பிறகு ஆத்திரம் வந்துவிட்டது அவருக்கு. "கழுத்துல ஏதாவது கட்டிக்கிட்டு வந்தாத்தான் பார்ப்பேன்னு நான் எப்பவாவது சொன்னேனா? புருஷன் ஊர்ல இல்லன்னு சொன்னா நான் வேற என்னத்தை நினைப்பேன்?"

"நீங்க சொல்லல டாக்டர்" என்றாய் நீ, தரையில் உட்கார்ந்து மணி பொறுக்கிக்கொண்டே. "வாசல்ல இருக்கிற அந்தம்மா மொதல்ல அதைத்தானே கேக்கறாங்க." டாக்டரம்மா தன் காலடியில் கிடந்த ஒரு மணியைக் குனிந்து எடுத்து உன் கையில் போட்டார்.

எங்கள் ஊருக்கும் நீதான் கூட வந்தாய். அம்மாவிடம் நீதான் சொன்னாய். அம்மா முதலில் கேட்டது, "கல்யாணம் பண்ணா கொயந்த நிக்குமா?" என்று. நீ, "மொதல்ல இவ நிக்கட்டும்மா" என்றாய். அப்பா உன்னை ஒரு முறைப்பு முறைத்தார், ஆனால் வண்டி பிடித்தார். ஆபரேஷன் முடிந்து, ஒரு பக்கத்துச் சூலகத்தை எடுத்துவிட்டு, பிழைத்து வந்தேன். ஊருக்கு அது அப்பெண்டிக்ஸ். சம்பந்தி வீட்டாருக்கு அப்பெண்டிக்ஸ். இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தி இரண்டு பிள்ளை பெற்ற மனிதருக்கும் அப்பெண்டிக்ஸ்தான். தழும்பு ஏன் இந்த இடத்தில் இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. ஆண்களுக்கு அப்பெண்டிக்ஸ் எங்கே இருந்தால் என்ன.

உன் கதைதான் எனக்கு ஆறவில்லை. நாம் திண்டிவனத்தில் விளையாட்டாகச் சொன்ன புருஷன் உனக்கு நிஜமாகவே வந்தான். நல்ல மனிதர், துபாயில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சூட்கேஸோடு வருவார். உனக்கு இரத்தப்போக்கு ஆரம்பித்தபோது அவர் ஊரில் இல்லை. போனில் எனக்குச் சொன்னாய். சொன்னாய் என்றால், சிரித்துக்கொண்டே சொன்னாய். டாக்டரிடம் போ என்றேன். "போனா மொதல் கேள்வி இன்னா கேப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? 'வூட்டுக்காரர் எப்ப வந்துட்டுப் போனாரு?' எங்க தெருவுல லேடி டாக்டர் வூட்டுக்குப் போயி வந்தாலே கணக்கு போடுவாளுங்க. அவரு லீவுல வரட்டும்" என்றாய். அவர் வந்தார். லீவு முழுக்கக் கல்யாணம், விருந்து, விசாரிப்பு. போய்விட்டார். அப்புறம் கேட்டபோதெல்லாம், "அது நின்னுடுச்சிடி, சும்மா பேஜாரு பண்ணாதே." நிற்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. அவர் ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகும் நீ போகவில்லை. கணக்குப் போட ஆளில்லாமல் போன பிறகும் மறைக்கும் பழக்கம் உன்னை விடவில்லை.

கர்ப்பப்பை வாயில் புற்று, பரவிவிட்டது என்று உன் மருமகள் சொன்னது, உன்னை வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடத்தியிருந்த வீட்டில் வைத்து. அந்தப் பெண், "மாமி எங்க யார்கிட்டயும் சொல்லலீங்க, கறை பட்ட துணியைக்கூட அவங்களே தொவைச்சி எங்கயோ காயப்போடுவாங்க" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. உன்னை உலுக்கி எழுப்பி, உன் உடம்பு என்ன திருட்டுச் சாமானா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. ஊரையே எதிர்த்துக்கொண்டு என் துணி உன் துணி என்று மாற்றிப் போட்டவள், உன் பாவாடைக்கு அடியில் நீயே ஒளித்துவைத்தாய். எவ்வளவு யோசித்தும் என்னால் இதைப் பொறுக்க முடியவில்லை.

இன்று நான் எதற்கு அங்கே போனேன் என்று சொல்லவில்லையே. எனக்கும் ரத்தம் படுகிறது. மாதவிலக்கு நின்று எவ்வளவோ காலமாகி, இப்போது திடீரென்று. சில வாரமாக நானும் ஒளித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பேங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். கவுண்ட்டரில் நர்ஸ், "என்னம்மா தொந்தரவு?" என்று கேட்டபோது வாய் தானாக, "லேசா வயித்து வலி" என்றது. திரும்பி உட்கார்ந்தேன். அப்புறம்தான் அந்த மஞ்சள் கயிற்றுப் பெண் வந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், எழுந்து கவுண்ட்டருக்குப் போய், கூடத்துக்கே கேட்கிற மாதிரி, "வலி இல்லம்மா. நின்னு போன எனக்கு மறுபடி ரத்தம் படுது, அதை எழுதிக்கோ" என்றேன். நாற்காலிகள் எல்லாம் என்னைப் பார்த்தன. அந்தப் பெண்ணும் பார்த்தாள். டாக்டர் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அப்பெண்டிக்ஸையும் சேர்த்து. மனிதர் இன்னும் பிரமை பிடித்தவர் போல வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் முறை. கதவருகே நர்ஸ், "புருஷன் வரலையா?" என்று கேட்டாள். "அவரு வெளியூர்ல இருக்காரு" என்றது அந்தப் பெண்.

என் கால் நின்றுவிட்டது. நான் போய் அவள் தோளைப் பிடித்தேன். "கண்ணு, அதை மட்டும் சொல்லாதே. உள்ள போனதும் மொதல்ல இந்தக் கயித்தைக் கழட்டு. உனக்கு இன்னா பண்ணுதோ அதை அப்படியே சொல்லு." அவள் கை கயிற்றுக்குப் போயிற்று. "ஆன்ட்டி, எனக்கு யாரும்…" என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. "நான் வர்றேன் வா" என்றேன். அவளுக்கு என்ன என்பதை உனக்குக்கூட எழுத மாட்டேன். பயந்த அளவுக்கு இல்லை, மருந்தில் சரியாகிவிடும்.

அவளோடு நானும் உள்ளே நுழையப் போனபோது நர்ஸ் கையைக் குறுக்கே நீட்டினாள். "ஒருத்தர்தாம்மா. நீங்க இந்தப் பொண்ணுக்கு யாரு?"

"சிநேகிதி" என்றேன்.

அவள் என் நரைத்த தலையைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு சொல்லைத்தான் அன்று திண்டிவனத்தில் நீ எனக்காகச் சொன்னாய், நான் பிழைத்தேன். உனக்காக அதைச் சொல்ல ஒரு ஆஸ்பத்திரி வாசலைக்கூட நீ எனக்கு விட்டுவைக்கவில்லையே, பாவி.